சிவப்பு விளக்கின் ஒயரைக் கழற்றியது பற்றி

இதை எழுதும்போது காவல் நிலைய அறையில் இருப்பவர்கள்: உதவி ஆய்வாளர், எழுத்தர், என் கணவர், எங்கள் பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டும் நிறுவனத்தின் பொறியாளர், அந்த நிறுவனத்துக்குக் கருவி பொருத்தித் தருபவர். கடைசியாகச் சொன்னவரின் சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் அவரை டெஸ்டர் அண்ணன் என்போம். வேறு யாரும் இல்லை. என் பெயரும் முகவரியும் புகாரிலேயே உள்ளன. வயது நாற்பத்தாறு. குடும்பத்தை நடத்துவதும் அதன் வரவு செலவைப் பார்ப்பதும் என் வேலை. எழுத்தர் முதலில் எழுதியதில் நான் தெரியாமல் ஒயரைக் கழற்றியதாக இருந்தது. அதில் கையெழுத்துப் போட மறுத்து, தாள் வாங்கி நானே எழுதுகிறேன்.

பக்கத்து மனையில் தோண்டத் தொடங்கியதும் என் மாமியார் படுத்திருக்கும் அறைச் சுவரில் விரிசல் விட்டது. நாங்கள் முறையிட்ட பின் நிறுவனத்தார் வந்து, விரிசலின் மேல் ஒரு சென்சாரை ஒட்டி, அதன் ஒயர்களைக் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியின் முனைகளில் வைத்துத் திருகி, பெட்டியை யுஎஸ்பி கேபிளால் ஒரு பழைய லேப்டாப்பில் செருகினார்கள். சுவர் அசைவது அதில் பதிவாகும், அளவு மீறினால் தோண்டுவதை நிறுத்துவோம் என்றார்கள். "பதிவானா உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அதன் பின் டெஸ்டர் அண்ணன் மனம் இரங்கி, சுவர் அசைந்தால் எரியும்படி ஒரு சிவப்பு விளக்கை அதே பெட்டியின் ஐந்து வோல்ட் முனையில் மாட்டிக் கொடுத்தார்.

அதன் பின் இயந்திரம் ஓடும்போதெல்லாம் சுவர் முனகும், விளக்கு ஒரு தரம் மின்னி அணையும். "என்னடி, இந்த விளக்கு கண்ணடிக்குது? எனக்கா, உனக்கா?" என்பார் மாமியார். "உங்களுக்குத்தான் அத்தை. எனக்கு வேலை கிடக்கு" என்பேன்.

நான் காலையில் பிரார்த்திப்பது அந்த அறையில்தான். ஒரு நாள் சுவர் முனகியதும் கண்ணைத் திறந்தேன். சிவப்பு விளக்கோடு பெட்டியின் பச்சை விளக்கும் சேர்ந்து அணைந்து, லேப்டாப்பில் கருவி துண்டிக்கப்பட்டது என்று வந்து, சற்றுப் பொறுத்துப் பச்சை மட்டும் திரும்ப எரிந்தது. அதன் பின் பெட்டியோடு வந்த தாளைப் படித்தேன். அந்த முனையிலிருந்து எடுக்கக்கூடிய மின்சாரத்துக்கு ஒரு வரம்பு போட்டிருந்தது. விளக்கின் அடியில் அச்சிட்டிருந்த தேவை அதைப்போல் இரு மடங்கு. விரலுக்குத் தகுந்த வீக்கம் இல்லை. விளக்கு எரிய முயன்றதும் பெட்டிக்கு மூச்சு நின்றது. ஆகவே சுவர் அசையும் வேளையில் மட்டும் பதிவு கிடையாது. அந்த அரைகுறைப் பதிவை வைத்துத்தான், பதிவான எந்த நேரத்திலும் சுவர் அசையவில்லை என்று பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

அதன் பின் டெஸ்டர் அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஐயையோ, அதுக்குத் தனி அடாப்டர் போட்டிருக்கணும்மா. விளக்கு ஒயரை மட்டும் கழட்டுங்க. சென்சார் ஒயரைத் தொட்டுறாதீங்க" என்றார். கணவர் டார்ச் பிடிக்க, கடவுளை வேண்டிக்கொண்டு, அந்த ஒரு திருகை மட்டும் தளர்த்தினேன். அதன் பின் பெட்டி அணையவில்லை. அடுத்த முறை இயந்திரம் ஓடியபோது சுவர் அளவு மீறி அசைந்தது பதிவாயிற்று. நான் கருவியைக் கலைத்ததால் அந்தப் பதிவு செல்லாது என்று நிறுவனம் புகார் கொடுத்தது.

சற்று முன் இதே அறையில் பொறியாளர், "தெரியாம தொட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துருங்கம்மா, புகாரை வாபஸ் வாங்கிக்கிறோம். எல்லாருக்கும் நிம்மதி" என்றார். "நிம்மதி உங்களுக்கு, சுவரு எங்களுக்கா?" என்றேன். டெஸ்டர் அண்ணன் தனக்குப் போனே வரவில்லை என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் குடும்பம் உண்டு, அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. கழற்றிய கை என்னுடையது. தெரிந்தே கழற்றினேன். விளக்கைத் திரும்ப அந்த முனையில் மாட்டினால் திரும்பவும் கழற்றுவேன். அதற்கு வழக்குப் போடுவதானால் போடுங்கள், பதிவைத் தள்ளாதீர்கள்.

இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, நான் வணங்கும் கடவுள் அறிவார். கணவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மாமியாரின் கட்டிலைச் சமையலறையில் போட்டிருக்கிறோம். "இப்பதான்டி உன் கைப்பக்குவத்தோட லட்சணம் தெரியுது" என்கிறார். இயந்திரச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார். தோண்டுவது நிற்குமா, நிற்காதா என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.