பானட்டில் மூன்று பிறை

— தொடாதே ரவ்ஷான், தொடாதே! அழுக்கா இருந்தா நான் துடைச்சிருக்க மாட்டேனா? அழுக்கு இல்ல அது.

— பின்னே என்ன, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?

— சிரி, நல்லா சிரி. பானட்ல பெயின்ட் பேந்திருக்கு. இதோ ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு, விளக்குக்கு மேல ஒண்ணு. குனிஞ்சு பாரு.

— பார்த்துட்டேன், பார்த்துட்டேன். நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு. குட்டிக் குட்டிப் பிறை. இதுக்கா காலையிலேர்ந்து டீ கூடக் குடிக்காம முற்றத்துல முட்டி போட்டுட்டு இருக்கீங்க? என்கிட்ட கல்யாணத்துக்குக் கேட்டப்பகூட நீங்க முட்டி போடலையே, ஓரெக்கே!

— உனக்கு எல்லாமே விளையாட்டு. கேளு, வண்டி வந்து ஒரு வாரம் ஆகல. சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக்கைக்கூட நான் இன்னும் கிழிக்கல.

— அதான் உக்காந்தா வழுக்குது. நேத்து சந்தைகிட்ட பிரேக் போட்டீங்களே, நான் ஆப்பிள் பையோட சீட்டுக்குக் கீழ போயிட்டேன். நீங்க திரும்பிப் பார்த்தது என்னையா? ஆப்பிள் எங்கேயாவது கீறிடுச்சான்னு கதவையில்ல தடவிப் பார்த்தீங்க.

— உன்னையும்தான் பார்த்தேன்.

— ஆமா ஆமா, அப்புறமா. கறுப்பு வேணாம், வெள்ளை வாங்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கறுப்பு வண்டியில ஈ உக்காந்துட்டுப் போனாலும் தெரியும்.

— வெள்ளை டாக்ஸிக்காரன் கலரு. இருபது வருஷம் ஆபீஸ் ஜீப்பை ஓட்டியாச்சு, மத்தவன் கால் மண்ணைக் கூட்டியாச்சு. தராஸ் ஊர்ல இருக்கற ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மதகுக்கும் என்ஜினியர்களைக் கூட்டிட்டுப் போனவன் நான். எனக்குன்னு ஒண்ணு வாங்கினா அது கறுப்பா, பளபளன்னு, மந்திரி வண்டி மாதிரி இருக்கணும்னு நெனச்சேன். அது தப்பா?

— தப்பில்ல. மந்திரி மாதிரிதான் இருக்கு. மந்திரிக்கு முகத்துல மூணு மரு, அவ்வளவுதான். வாங்க, எண்ணெயில பொரிச்ச பவுர்சாக் ஆறுது.

— முதல்ல பூனைன்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன், பூனை நகம் கோடு கிழிக்கும், இப்படிக் குத்தாது. சரி, ரோட்டுல தெறிச்ச கல்லுன்னு பார்த்தா, கல்லு பட்டா பிறை வராது. அப்புறம் பாக்கெட்ல இருந்த நூறு தெங்கே காசை எடுத்து விளிம்பை வெச்சுப் பார்த்தேன். தையக்காரன் அளவெடுத்த மாதிரி உக்காருது.

— நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்.

— கேளு. வண்டி வந்த அன்னிக்கு நல்லது நடக்கணும்னு மிட்டாயும் காசுமா சாஷு வீசினாங்களே. பக்கத்து வீட்டு ஷோல்பான் வீசினது மிட்டாய். உன் சிநேகிதிங்க வீசினதும் மிட்டாய், அதுலயும் பாதியை அவங்களே பொறுக்கித் தின்னுட்டாங்க. காசு வீசினது ஒரே ஒரு ஆளு. யாருன்னு உனக்கும் தெரியும்.

— தெரியும். அதுக்கு இப்ப என்ன?

— என்னவா? கோழிக்குத் தவிடு வீசற மாதிரியா வீசுவாங்க? பொடிக் காசா இருந்தாக்கூடப் பரவாயில்ல. கனமான காசு, கைநிறைய அள்ளி, அவ்வளவு கிட்டத்துல நின்னு! மழை ஆரம்பிச்சா இது வழியாத் தண்ணி இறங்கும், உள்ள துரு பிடிக்கும், அடுத்த வருஷம் கையகலத்துக்குப் பெயின்ட் உரியும். சரி விடு. இந்தா, இதைப் பிடி.

— இது என்ன, எனக்கு நகப்பூச்சா? பொறந்த நாள் இன்னும் வரலையே.

— வண்டிப் பெயின்ட். இதே கறுப்பு, நம்பர் பார்த்து வாங்கினது. மூடியிலயே பிரஷ் இருக்கு. சோப்புத் தண்ணியில கழுவி ஸ்பிரிட்லயும் துடைச்சு வெச்சுட்டேன். நீ மெல்லிசா ஒரு சொட்டு வெக்கணும், காய விட்டு இன்னொரு சொட்டு. பள்ளம் நிரம்பினதும் நான் மெழுகு போட்டுத் தேச்சுடுவேன். என் கை நடுங்கும், உன் கை நடுங்காது. கேக்குல ரோஜாப்பூ போடற கை.

— நான் போட மாட்டேன்.

— அட, டீ குடிச்சுட்டு வந்தே போடு.

— டீ குடிச்சாலும் போட மாட்டேன். வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க, வண்டியை நாக்கால நக்கித் துடைக்கச் சொல்லுங்க, செய்யறேன். இதை நான் மூட மாட்டேன்.

— கேளு ரவ்ஷான், இது கோவிச்சுக்கற விஷயமா? பிளாஸ்டிக்தானே, இன்னிக்கே கிழிச்சுடறேன்.

— பிளாஸ்டிக் கிடக்குது. ஓரெக்கே, நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு சாஷு வீசினது யாரு, ஞாபகம் இருக்கா?

— அது... ஷோல்பானோட அம்மா வீசினாங்க. தெருவுல நாலஞ்சு பேர் வீசினாங்க.

— தெருவுல போறவங்க வீசினாங்க. உங்க வீட்டுல யாரு? உங்களுக்கு அம்மா இல்ல, வளர்த்தது உங்க அக்கா. முகத்திரையை விலக்கறப்ப பக்கத்துல நின்னு வீசவேண்டியவங்க அக்கா. அவங்க அன்னிக்கு எங்க இருந்தாங்க?

— அதை ஏன் இப்பக் கிளறுறே? அவங்க சிநேகிதி பொண்ணை எனக்குன்னு பேசி, அவ காதுல தோடு போட்டு, வார்த்தையும் குடுத்துட்டு வந்திருந்தாங்க. நான் உன்னைக் கூட்டிட்டு வந்து நின்னேன். அந்த வீட்டு முன்னாடி அவங்க தலைகுனிஞ்சு நிக்க வேண்டியதாப் போச்சு. கோவம் என்மேல, உன்மேல இல்ல.

— அதைப் பன்னெண்டு வருஷமாச் சொல்றீங்க. கோவம் உங்கமேலதான். ஆனா ஆபீஸ் வாசல்ல உங்களைப் பார்த்தா சட்டைக் காலரைச் சரி பண்ணி விடுவாங்க. நான் எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவாங்க. நம்ம பொண்ணு பொறந்தப்ப குடும்பத்துத் தொட்டில் வந்துச்சு. யாரு கொண்டு வந்தா? ஒரு லாரிக்காரன். தொட்டிலுக்குள்ள புதுப் போர்வை, கையால தெச்சது. இதைத் தெச்சவங்க வரலையான்னு அவன்கிட்ட கேட்டேன், சும்மா சிரிச்சான்.

— தெரியும்.

— தெரியாது உங்களுக்கு. மருமகளா வந்தவ மூத்தவங்க பேரைச் சொல்லக்கூடாது, தானா ஒரு பேரு வெச்சுக் கூப்பிடணும். வந்த அன்னிக்கே வெச்சுட்டேன். வெள்ளையக்கா. போட்டோவுல வெள்ளை முக்காடோட இருந்தாங்களே, அதைப் பார்த்து வெச்சேன். ஒரு தடவைகூட வாய்விட்டுக் கூப்பிடல. புதுத் துணி பெட்டியிலயே கிடந்து மடிப்புலயே நைஞ்சுபோற மாதிரி ஆயிடுச்சு அந்தப் பேரு.

— நீ என்கிட்ட சொன்னதே இல்லையே.

— சொல்லி என்ன பண்ண? வண்டி வந்த அன்னிக்கு அவங்க இந்தக் கேட்டைத் திறந்துட்டு உள்ள வந்தாங்க. யாரும் கூப்பிடல. கையில துணி முடிச்சு. ஒரு வார்த்தை பேசல, அவிழ்த்தாங்க, வீசினாங்க, போயிட்டாங்க. டீக்குக்கூட நிக்கல. வண்டிக்குத்தான் வீசினாங்க, தெரியும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா அவங்க காலு நம்ம முற்றத்துல பட்டதுக்கு இந்த வீட்டுல இருக்கற ஒரே அடையாளம் இதான். இதை என் கையால அழிக்கச் சொல்றீங்களா?

— ...அழுவாதே. ஏய். கேளு, நான் ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

— என்ன?

— திட்ட மாட்டேன்னு சொல்லு முதல்ல.

— ஓரின்பெக்!

— காலையில இதைப் பார்த்ததும் சூடு தலைக்கேறிடுச்சு. அக்காவுக்குப் போன் பண்ணிட்டேன்.

— ஐயோ! என்ன சொன்னீங்க?

— அப்படி ஒண்ணும்... ‘அக்கா, காசை அப்படியா வீசுவாங்க, வண்டி பாழாப் போச்சு’ன்னு.

— அதுக்கு அவங்க?

— ‘வண்டிமேலயா பட்டுச்சு?’ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். வெச்சுட்டாங்க.

— நீங்க மனுஷனா? பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தங்க படியேறி வராங்க, அவங்களைப் பிடிச்சுத் தகரத்துக்குக் கணக்குக் கேட்டிருக்கீங்க! இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க வருவாங்க? எடுங்க போனை. மன்னிப்புக் கேளுங்க. பூனைதான் கீறிச்சுன்னு சொல்லுங்க, கல்லு பட்டுச்சுன்னு சொல்லுங்க.

— பூனை பிறை போடாதுன்னு அவங்களுக்கும் தெரியும்.

— அப்ப நானே கீறிட்டேன்னு சொல்லுங்க. சாவியால கீறிட்டேன்னு... யாரு கேட்டைத் தள்றது? ஓரெக்கே, எழுந்திருங்க. எழுந்து நில்லுங்க. அவங்கதான்.

— அக்கா! வா, வா. கூப்பிட்டிருந்தா நானே வண்டியை எடுத்துட்டு வந்திருப்பேனே, இந்த வெயில்ல நடந்தா வந்தே?

— எனக்கு இன்னும் கால் இருக்குடா. எங்க அந்தப் பாழாப்போன வண்டி?

— அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நான் ஏதோ தூக்கக் கலக்கத்துல...

— தூக்கக் கலக்கத்துலதான் நீ உண்மை பேசுவே, சின்ன வயசுலேர்ந்தே அப்படி. தள்ளு, பார்க்கறேன். கண்ணாடி கொண்டுவந்திருக்கேன்.

— உள்ள வாங்க, முதல்ல ஒரு வாய் டீ...

— தம்பி, அவகிட்ட சொல்லு, டீ அப்புறம் பார்த்துக்கலாம்னு.

— அக்கா, அவ இங்கதானே நிக்கறா, நீயே சொல்லேன்.

— உன்கிட்ட சொன்னாப் போதும். எங்கடா? எனக்கு ஒண்ணும் தெரியல. கறுப்பாத் தெரியுது.

— கறுப்பு வண்டிதாங்க்கா.

— ம்க்கும். வெள்ளை வாங்கியிருக்கணும். உன் பொண்டாட்டி சொல்லலையா?

— சொன்னா.

— கேட்டிருக்கணும். ஆங், இதோ. இதுவா? இந்த நகக்கண்ணு அளவுக்கா காலங்காத்தால போன் பண்ணி ஒப்பாரி வெச்சே? உனக்கு ஏழு வயசுல, மாமா மோட்டார் சைக்கிள்மேல ஏறி விழுந்தியே, தாடை கிழிஞ்சு. நான் ஒப்பாரி வெச்சேனா? மாவைப் பூசி ரத்தத்தை நிறுத்திட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அந்தத் தழும்பாலதான் இவ உன்கிட்ட மயங்கினாளோ என்னவோ, யாரு கண்டா.

— அதுவும் ஒரு காரணந்தான், வெள்ளையக்கா.

— என்ன? என்ன சொன்னா அவ? யாருடா வெள்ளையக்கா?

— நீதாங்க்கா. உனக்கு அவ வெச்ச பேரு.

— எப்ப வெச்சா?

— வந்த அன்னிக்கே. இதுவரைக்கும் கூப்பிட்டதில்ல.

— ...ம்க்கும். எனக்கென்ன, வெள்ளையா இருக்கறது தலைமுடி மட்டும்தான். இது என்ன கையில, நகப்பூச்சா?

— பெயின்ட். பள்ளத்தை மூடிடலாம்னு. இவ மூட மாட்டேன்னு அடம் பிடிக்கறா. நீ வந்து போன அடையாளம் இது ஒண்ணுதானாம், அழிக்கக்கூடாதாம்.

— ஓரெக்கே! வாயை மூடுங்களேன்.

— அப்படியா சொன்னா?

— அப்படியேதான். அழுதுட்டு வேற சொன்னா. அக்கா, எனக்கு வண்டியே வேணாம், நீ கோவிச்சுக்காதே. இருக்கட்டும் இது இப்படியே. துரு பிடிக்கட்டும்.

— நான் ஏன் கோவிச்சுக்கறேன்? நான் வந்தது வேற விஷயத்துக்கு. போன்ல நீ சொன்னதுலேர்ந்து எனக்கு ஒரே யோசனை. தம்பி, அவளைக் கேளு. அன்னிக்கு அவ எங்க நின்னுட்டு இருந்தா?

— இங்கதான் நின்னேன், இந்த விளக்குப் பக்கத்துல. தட்டுல பவுர்சாக் வெச்சுக்கிட்டு.

— அவமேல ஒண்ணுகூடப் படலையா? கேளு அவளை.

— படல, வெள்ளையக்கா. எல்லாம் வண்டிமேலதான் விழுந்துச்சு. வண்டிக்கு நல்ல ராசி, விடுங்க.

— டாக்டர் கண்ணுல புரைன்னு சொன்னப்ப நான் நம்பல. முட்டாப்பயலே, தகரத்துக்கு எவளாவது கைநிறையக் காசு வீசுவாளாடா? வண்டிக்கு நான் போட்டது ரெண்டே மிட்டாய். இங்க பாரு பொண்ணே, உன்னைத்தான். அந்தக் காசு உனக்கு வீசினது. உன் முகத்திரை எடுக்கற அன்னிக்கு வீசணும்னு முடிஞ்சு வெச்சிருந்தது. கிட்ட வந்துதான் வீசினேன், குறி தப்பிடுச்சு.