புள்ளி விழாத ரோஜா

...அதான் சொல்றேன், இந்தத் தெருவே சரியில்லம்மா! ஒரு வீட்டு ரோஜாவாவது உருப்பட்டிருக்கா பாரு. இலையெல்லாம் கறுப்புக் கறுப்பா புள்ளி. அப்புறம் மஞ்சளாகி, தொட்டா பொலபொலன்னு கொட்டுது. செடி உரிச்ச கோழி மாதிரி நிக்குது. உன் வீட்டுல மட்டும்தான்... இரு, இந்த இலையத் திருப்பிப் பாக்குறேன்... அடேயப்பா! ஒரு பொட்டுகூட இல்ல! பச்சப் பசேல்னு! குடி வந்து ஒரு மாசம் ஆயிருக்குமா? எப்படிம்மா?

என்ன, அப்படியே நிக்கிற? குழந்தைய இடுப்பு மாத்திக்கோ. நான் அடுத்த வீட்டு அக்காதான், வேத்து ஆள் இல்ல. ஒரே நிமிஷம். உன் செடியையாவது காப்பாத்தணும்ல?

மொதல்ல புள்ளி வந்தது என் வீட்டுலதான். பொய் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு டெய்லரோட இஸ்திரிப் பெட்டிதான் காரணம்னு நெனச்சேன். ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு நாள் பூரா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விடுறான்ல? போய் நல்லா நாலு கேள்வி கேட்டேன். ‘என் செடி ஜன்னலுக்கு நேரா நல்லாத்தானேக்கா இருக்கு’ங்கிறான். திமிரு! கொஞ்ச நாள்லயே அவன் செடியிலயும் புள்ளி. எனக்கு சந்தோஷம்னு சொல்ல மாட்டேன். தூக்கம் நல்லா வந்துச்சு, அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரே... ரிட்டயர் ஆனதுல இருந்து போனும் அவரும்தான் புருஷன் பொண்டாட்டி. அதப் பாத்துட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாரு. ‘அது பூஞ்சக் காளான்டி. இலை மேல தண்ணி படக் கூடாது, வேருக்கு மட்டும் ஊத்து. கீழ விழுந்த இலையப் பொறுக்கி எரிச்சுடு, இல்லன்னா அதுலருந்தே பரவும்’னு. ‘நீங்க குளிக்கிறப்ப பாதத்துக்கு மட்டும் ஊத்திட்டு வர்றீங்களா’ன்னு கேட்டேன். துண்டத் தூக்கித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு அப்படித்தான் குளிக்கிறாரோன்னு எனக்கே ஒரு சந்தேகம். அந்தத் துண்ட மோந்து பாத்தா நீயும் சொல்லுவ!

நான் தினம் சாயங்காலம் ஓஸ் பைப்பப் பிடிச்சு உச்சந்தலையில இருந்து ஊத்துவேன். ராத்திரி பூரா இலை சொட்டச் சொட்ட நிக்கும்... என்னா அழகு!

அப்புறம் எரிக்கணுமாம்ல! இலைன்னா உரம்மா. உரத்த யாராவது எரிப்பாங்களா? என் செடியில கொட்டுறத ஒண்ணு விட மாட்டேன், கூட்டி அள்ளி சாக்குல கட்டி வெச்சுருவேன். நானே வெச்சுத் திங்கிற ஆளும் இல்ல. டெய்லர்கிட்ட அவ்வளவு சண்ட போட்டேன்ல, அதுக்கு முந்துன நாள்தான் ஒரு கூடை இலைய அவன் தொட்டியில போட்டுட்டு வந்தவளே நான்தான். அந்த நன்றிகூட இல்லாமத்தான் அப்படிப் பேசுறான்! அப்புறம் பல் டாக்டர் வீட்டுக்கு ஒரு கூடை. மாடி வீட்டு டீச்சர் வேண்டாம் வேண்டாம்னாங்க. வாய்தான் சொல்லும், மனசு கேக்கும்ல? அவங்க ஊருக்குப் போனப்ப வாசல் கேட்டத் தொறந்து நானே போட்டுட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் இவ்வளவு உரம் போட்டும் எல்லார் வீட்டுலயும் புள்ளி வந்துருச்சு பாரேன்! உரத்துக்கே அடங்காத நோய்ம்மா இது!

அதான் உனக்கு நோய் வர்றதுக்கு முன்னாடியே போட்டுருவோம்னு சாக்கக் கையோட கொண்டாந்துட்டேன். இந்தா பாரு, நேத்து கொட்டுனது, புதுசு...

ஏன் பின்னாடி நகந்துட்டே போற? குழந்தை அழுவுதா? அழலையே, சிரிச்சுட்டுல்ல இருக்கு. அந்தச் சின்னத் தொட்டிய ஏன் தூக்குற? ஒரு பக்கம் பிள்ள, ஒரு பக்கம் தொட்டி, முள்ளு குத்திரப் போவுது! உள்ள எதுக்கும்மா, அதுக்கு வெயில் வேணும்... ஏம்மா? கதவ எதுக்குச் சாத்துற... ஏம்மா!

தாழ்ப்பாள் வேற போடுது.

ம்ம்... பால் குடுக்கிற நேரம் போல. பாவம், கூச்சப்படுற பொண்ணு. வேணும்னு கேக்கவும் தெரியல, வேணாம்னு சொல்லவும் தெரியல. பெரிய தொட்டியத் தூக்க முடியாம விட்டுட்டுப் போயிருக்கு.

அதுக்கென்ன, நான் இருக்கேன்ல. வா கண்ணு, வா... இப்படி ரெண்டு கை இலை, அப்படி ரெண்டு கை... தண்டச் சுத்தி நல்லா மெத்துன்னு. குழாய் எங்க? ஆங், இருக்கு. தலையோட ஊத்துறேன், குளி... குளி...

என்னம்மா, ஜன்னல்ல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் அப்படி ஆட்டுற? அட, இருக்கட்டும்மா! அக்காவுக்குப் போயி நன்றி சொல்லிக்கிட்டு!