மூன்று முறை பூட்டியிருந்த வீடு

புனேயிலிருந்து போகும் லோணாவளா லோக்கல் ரயிலில் பிம்ப்ரி தாண்டியதும் கூட்டம் குறைந்தது. என் எதிரே இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் சுகாதார சர்வே ஃபாரங்கள்.

“எங்க குடிசை வஸ்தியில யாருக்கும் நோயே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டியாமே?” என்றாள் பெரியவள்.

“அப்படி எழுதலக்கா. உங்க வீட்டுக்கு மூணு தடவ வந்தேன். பூட்டியிருந்துச்சு. பூட்டுன வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டைக் கேக்கணும், அதுதான் ரூல்.”

“ஏன் பூட்டியிருக்குன்னு எழுத அதுல இடம் இருக்கா?”

“இல்லக்கா.”

“எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கும். ரெண்டு பஸ் மாறி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, திரும்ப சாயங்காலம் ஆயிடும். நோயாளி இருக்கிற வீடெல்லாம் அப்படித்தான் பூட்டிக் கிடந்துச்சு. நல்லா இருக்கிறவங்களை மட்டும் கேட்டுட்டு, எங்க பக்கம் தவாகானா, ஒரு சின்ன ஆஸ்பத்திரி கூட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க.”

சின்னவள் ஃபாரங்களின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“பூட்டுன வீடுங்களுக்கு மறுபடி போகணும்னு ஆபீஸ்ல சண்டை போட்டு ஒத்துக்க வச்சிருக்கேன். நீங்க எப்பக்கா வீட்டுல இருப்பீங்க?”

“எப்ப வேணா வாம்மா. அவர் தவறி ஒரு மாசம் ஆச்சு. இப்ப பகலெல்லாம் வீடு தொறந்துதான் இருக்கு.”