வாசிக்கிற போனும் எங்கடை காதுகளும்

"தம்பி, உந்தப் போனைக் கொஞ்சம் ஆறுதலாய் வாசிக்கச் சொல்லும். எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை."

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், மரக்கறிப் பையோடு இருந்த ஓர் அம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னது இது. அந்தத் தம்பிக்குக் கண் தெரியாது. வருகிற மெசேஜை எல்லாம் போன்தான் வாசித்துக் காட்டும், அதுவும் குதிரை வேகத்தில். அன்றைக்கு இயர்போனை வீட்டில் விட்டுவிட்டாராம்.

"அக்கா, இது எனக்கு வந்த மெசேஜ்."

"ஓம், சத்தம் எல்லாருக்கும்தானே வருது. ஆர் அனுப்பினது?"

"உடுவிலிலை பொம்பிளை பாத்துப்போட்டு வாறன். அந்தப் பிள்ளைதான். யோசிச்சு முடிவு சொல்லுறன் எண்டவ."

"அப்ப கட்டாயம் ஆறுதலாய்ப் போடும்!"

கொண்டக்டர் பாட்டை நிப்பாட்டினார். நான் இறங்க வேண்டிய கொக்குவில் வந்து போனது. ஒருவருடைய கலியாணப் பேச்சில் பாதியில் எழும்பிப் போவது மரியாதையில்லை என்று இருந்துவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். போன் முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாய் வாசித்தது.

"எனக்குச் சம்மதம். ஒரேயொரு நிபந்தனை. என்ரை மெசேஜுகளை பஸ்ஸிலை வைச்சுப் போனைச் சத்தமாய் வாசிக்க விடக்கூடாது."

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. அம்மா மட்டும் அசரவில்லை.

"கெட்டிக்காரப் பிள்ளை. தம்பி, எங்களுக்கும் சம்மதமெண்டு பதில் போடும்."