பட்டியலின் அடியில் இல்லாத பெயர்

நெல்லியடி மினிபஸ்ஸில் அன்று சாரதி, கொண்டக்டர், மீன்கூடையோடு ஒரு அம்மா, ரியூசன் நடத்தும் ரியூட்டரி வாத்திமார் இருவர், இறங்குமிடம் தவறிவிடுமோ என்ற பயத்தோடு நான்.

"கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லிப்போட்டன் அண்ணை," என்றார் வாத்திமாரில் இளையவர்.

"அதுக்குமோ?"

"பெடியளின்ரை மாக்ஸ் லிஸ்ற் அடிக்கிற புரோகிராமை வேலை தேடித் திரியிற ஒருத்தன் காசு வாங்காமல் சும்மா எழுதித் தந்தவன். லிஸ்ற்றின்ரை அடியிலை தன்ரை பேரைப் போட்டா, ஆரும் கண்டு வேலைக்குக் கூப்பிடுவினமாம். ஒவ்வொருக்காத் திறக்கேக்கையும் பேர் போட்டாச்சோ எண்டு கேக்கும். யெஸ் அடிச்சாத்தான் வேலை செய்யும். பெரிய அரியண்டம், ஒரே கரைச்சல்."

"போட்டனீரோ?"

"இல்லை. யெஸ் மட்டும் அடிச்சன்."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"அவன் நேற்று ரியூட்டரிக்கு வந்தவன். சுவரிலை ஒட்டின லிஸ்ற்றிலை விரல் வைச்சு அடிவரைக்கும் தேடினான். பிறகு, 'புரோகிராமிலை பிழை ஏதும் வந்தாச் சொல்லுங்கோ சேர், திருத்தித் தாறன்' எண்டான்."

"நீர் என்ன சொன்னீர்?"

"தேத்தண்ணி குடிக்கிறீரோ எண்டு கேட்டன்."