மூன்று முற்றுப்புள்ளிகள்

இந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டை, ஐயா. கடதாசியை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. பிழையைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காணாமல்போனோர் விசாரணை என்றால் தவநேசனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு சரக்குக் கம்பனி. அங்கே இருபத்தாறு வருடம் ஆங்கிலக் கடிதங்கள் தட்டச்சு செய்தேன். எண்பத்தாறில் தவநேசன் வந்து சேர்ந்தான். சவூதியில் அமெரிக்கர்களிடம் வேலை பழகியவன். ஒருவர் சொன்ன இரண்டு வார்த்தையை மேற்கோள் குறிக்குள் போட்டால், நாங்கள் குறியை மூடிவிட்டுத்தான் முற்றுப்புள்ளி வைப்போம். பிரித்தானியத் துரைமார் பழக்கியது அது. அவன் புள்ளியை உள்ளே வைத்துவிட்டு மூடுவான்.

“அமெரிக்காவில இப்பிடித்தான் அண்ணை. ரெண்டும் சரிதான்” என்று சிரித்தான். முகாமையாளரும், “ஓம், பார்க்க வடிவாத்தான் இருக்கு” என்றார். பிறகு முக்கியமான கடிதங்கள் எல்லாம் அவன் மேசைக்குப் போயின. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழும்புவேன், இருப்பேன், அலுமாரியைத் திறந்து அவனுடைய பிரதிகளில் புள்ளிகளைத் தேடுவேன். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஐயா.

ஆவணியில் இராணுவ முகாமுக்கு ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் கடிதம் போனது. தாள் எங்கள் கம்பனியுடையது. விசாரிக்க வந்த அதிகாரி, அடித்தது யார் என்று மூத்தவனான என்னிடம் கேட்டார். நான் பெயர் சொல்லவில்லை. தவநேசனின் நாலு கடிதங்களை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மேற்கோள் குறிக்குள்ளே கிடந்த புள்ளிகளைப் பென்சிலால் காட்டினேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவனைக் கோப்பையோடு எழுப்பிக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் வாரம் அவன் மனைவி புஸ்பராணி வந்தாள். “அண்ணை, எனக்கு இங்கிலிஷில எழுத ஏலாது. அவரைக் கண்ணில காட்டச் சொல்லி நீங்கள்தான் ஒரு மனு அடிச்சுத் தரவேணும். பின்னேரம் வந்திடுவன் எண்டு சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனவர். அதையும் போடுங்கோ.”

போட்டேன். அவன் சொன்னதை மேற்கோள் குறிக்குள் எழுதி, மூடி, புள்ளியை வெளியே வைத்தேன். பதிலும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவள் மாதாமாதம் வந்தாள். பதினொரு மனு அடித்துக் கொடுத்தேன். ஒன்றிலும் ஒரு பிழை இருக்காது, எடுத்துப் பாருங்கள்.

முகாமுக்குப் போன கடிதத்தை அடித்ததும் நான்தான். சாப்பாட்டு நேரத்தில், அவனுடைய இயந்திரத்தில். மூன்று இடத்தில் புள்ளியை உள்ளே வைக்க வேண்டி வந்தது. உண்மையைச் சொன்னால், ஐயா, அந்த மூன்று புள்ளிகள்தான் இன்றைக்கும் என் மனதைக் குடைகின்றன.