‘பொது’ என்று போட மாட்டோம்

தலைமையேற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சேசுராஜ் அண்ணன் அவர்களே, குன்றக்குடியிலிருந்தும் காளையார்கோவிலிலிருந்தும் இந்த மழையில் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, எங்கள் கேள்வி மன்றத்துத் தோழர்களே!

நான் அழுவதற்காக எழுந்து நிற்கவில்லை. அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறேன். மறைந்த பேராசிரியை ஆரோக்கிய ஷீலா அவர்கள் எதற்காக நின்றார், யாரை எதிர்த்து நின்றார் என்பதை இந்த ஊர் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போகவே வந்தேன்.

எங்கள் மன்றம் என்ன செய்கிறது என்று இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மோட்டார் ஓடவில்லை, டிவியில் படம் ஆடுகிறது, போர்வெல்லில் மணல் வருகிறது என்று மக்கள் கார்டு போடுவார்கள். நேரிலும் வருவார்கள். அதை நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். மதுரையிலும் கோவையிலும் இருக்கும் விவரம் தெரிந்த உறுப்பினர்கள் போன் லைன் வழியாக அதைப் படித்துப் பதில் போடுவார்கள். ஆனால் எஸ்.டி.டி. கட்டணம் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். எல்லாக் கேள்வியையும் யார் படிப்பார்? ஆகவே ஒவ்வொரு கேள்வியின் தலையிலும் ஒரு சொல் இருக்கும். வயரிங், பம்பு, ரேடியோ என்று. அவரவர் தமக்குத் தெரிந்த சொல்லின் கீழ் உள்ளதை மட்டும் எடுத்துப் படிப்பார்கள். நாங்கள் ‘கீவேர்டு’ என்போம். ஷீலா அம்மையார் ‘குறிச்சொல்’ என்றுதான் சொல்வார்.

ஒரு சொல்தானே, அதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அதோ நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ராக்காயி அம்மாளைக் கேளுங்கள்!

போன வருஷம் மழைக்காலத்தில் காளையார்கோவில் பக்கமிருந்து அவர் ஒரு கார்டு போட்டார். “மோட்டார் ரூம் கதவத் தொட்டா சுர்ருங்குது. மழ பேஞ்சா ரொம்ப இழுக்குது. என்ன செய்ய?” கேட்டவர் விவசாயி. ஆகவே கேள்வி ‘விவசாயம்’ என்ற சொல்லோடு ஏறியது. அன்றைய வழக்கம் அப்படித்தான் இருந்தது. விவசாயப் பகுதியைப் படிப்பவர்கள் யார்? பூச்சிமருந்து தெரிந்தவர்கள், விதை தெரிந்தவர்கள். இது நமக்கானதில்லை என்று ஒவ்வொருவரும் தாண்டிப் போனார்கள். கேள்வி அப்படியே கிடந்தது. அந்தம்மா வீட்டில் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தார்கள்!

ஒரு மத்தியானம், மன்றம் நடந்துவந்த கல்லூரி அறையில் ஷீலா அம்மையார் அதைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“உதயகுமார், இங்குட்டு வாங்க! கேக்குறது ஆருன்னு பாத்தா குறிச்சொல் போட்டு வச்சிருக்கீக? எதப் பத்திக் கேக்குறாகன்னு பாக்க வேணாமா? இது விவசாயம் இல்ல. இது கரண்டு. ஒரு உசுரு!”

‘மின்கசிவு’ என்று மாற்றினார். சாயங்காலத்துக்குள் மதுரையிலிருந்து நம் உறுப்பினர் சகாய ஆண்டனியின் பதில் வந்துவிட்டது. “யாரும் கதவைத் தொடக்கூடாது. லைன்மேனைக் கூப்பிட்டுக் கம்பத்திலேயே லைனை வெட்டச் சொல்லுங்கள்.” அந்த ஊர் டெலிபோன் பூத்துக்கு அம்மையாரே போன் போட்டு, ராக்காயி அம்மாளை வரவழைத்து, திரும்பத் திரும்பச் சொல்லிப் புரியவைத்தார். லைன்மேன் வந்து, கதவின் இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கரண்டைத் தடுக்கும் தகடு வெடித்து, கரண்டு கம்பி பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இன்று ராக்காயி அம்மாள் தன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒருவரும் குறையவில்லை. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று இப்போது யாராவது கேளுங்கள்!

அம்மையார் அத்தோடு விடவில்லை. அந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் கம்பெனிப் பெயர் ‘பொன்வேழம்’. பழைய கேள்விகளை எல்லாம் தோண்டினார். ஒன்று ‘பம்பு’ என்ற சொல்லின் கீழ் இருந்தது. ஒன்று ‘வயரிங்’. இன்னொன்று, கேட்காதீர்கள், ‘கால்நடை’! ஒரு பசுமாடு கரண்டு அடித்துச் செத்திருந்தது. சிதறிக் கிடந்தபோது ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டின் கெட்ட நேரமாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ‘பொன்வேழம்’ என்றும் ஒரு குறிச்சொல் சேர்த்தார். சேர்த்ததும் என்ன தெரிந்தது? ஒரே பெட்டி! ஒரே தகடு! ஒரே வெடிப்பு!

நம் தோழர்களுக்குக் கோபம் வந்தது. மோட்டார் பற்றி வந்த கேள்விக்கெல்லாம் அந்தப் பெயரைப் போட ஆரம்பித்தார்கள். அதையும் அவர் விடவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினார். “இந்த வீட்டுல இருக்கது வேற ஸ்டார்ட்டரு. நமக்குக் கோவம்னு சும்மா ஒட்டுனா, நாளைக்கு நெசமா ஒட்டுனதையும் எவனும் நம்ப மாட்டான்” என்றார். எதிராளிக்கும் நியாயம் பார்த்த மனுஷி, ஐயா!

அதன்பிறகுதான் பொன்வேழம் பெட்டிகளை இங்கே விற்கும் விற்பனையாளர் கல்லூரிக்கு வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். ஊருக்கே தெரியும். கத்தவில்லை, மிரட்டவில்லை. மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“டீச்சர், நான் கேள்விய அழிக்கச் சொல்லல. கேள்வி இருக்கட்டும், பதிலும் இருக்கட்டும். அந்தப் பேர மட்டும் எடுத்துருங்க. ‘பொது’ன்னு போட்டுருங்க. ஒரு சொல்லுதான?”

பாருங்கள், குறிச்சொல்லின் அருமை எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

அம்மையார் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார். “கேள்விய அழிச்சா, அழிச்சுட்டாகன்னு நாலு பேருக்குத் தெரியும். ‘பொது’ன்னு போட்டா அது இருக்கதே ஒருத்தருக்கும் தெரியாது. உங்க பதிலு என்னன்னு எழுதிக் குடுங்க. அதே பேருக்குக் கீழயே போடுறேன். பேர எடுக்க மாட்டேன்.”

அவர் பதில் எழுதித் தரவில்லை. அதற்குப் பதிலாக, அந்த அறையைக் காலி செய்யும்படி எங்களுக்குக் கல்லூரியிலிருந்து உத்தரவு வந்தது. அம்மையாரின் கணவர் சேசுராஜ் அண்ணனும் நானும் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, அமராவதிபுதூரில் அவர்கள் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனோம். அந்த வீட்டுப் போன் அன்றிலிருந்து மன்றத்தின் போன் ஆயிற்று. சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் எந்நேரமும் எங்கேஜ்டு! அண்ணன் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

கடைசியில் என்ன நடந்தது? அந்தக் கம்பெனியின் சொந்த இன்ஜினியர் ஒருவரே போன் லைனில் வந்து அந்தக் குறிச்சொல்லின் கீழே இருந்த அத்தனையும் படித்தார். தகட்டைச் சோதித்தார். கிராமம் கிராமமாக வண்டி வந்து, பழைய பெட்டிகளைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போனது. மன்னிப்பு என்று ஒரு சொல் வந்ததா? வரவில்லை. அம்மையார் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அதற்குள் புற்றுநோய் அவரை மதுரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது. அங்கேயும் நான் கேள்விகளை வாசிப்பேன்; அவர் கண்ணை மூடிக்கொண்டு குறிச்சொல் சொல்வார். வலி கூடிய நாளில் ஒரு கேள்விக்குச் சும்மா இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “அவசரப்படாதீக, யோசிக்கிறேன்” என்றார்.

அப்படிப்பட்டவருக்கு நாம் இன்று என்ன மரியாதை செய்யப் போகிறோம்?

மேடை ஏறும்முன், இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் என் கையில் ஓர் இரங்கல் தீர்மானத்தைக் கொடுத்தார்கள். முதல் பத்தி அம்மையாரைப் புகழ்கிறது. நல்ல தமிழ். இரண்டாம் பத்தி, “அன்னாரின் நினைவாக மன்றத்தின் குறிச்சொற்கள் எளிமையாக்கப்பட்டு, நிறுவனப் பெயர்கள் தவிர்க்கப்படும்” என்கிறது. அன்னாரின் நினைவாகவா? அவர் உயிரோடு இருந்தபோது வாங்க முடியாததை, அவருக்கு மாலை போட்ட கையோடு வாங்கிவிடலாம் என்று பார்க்கிறீர்களா? அருட்தந்தை அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இந்த இரண்டாம் பத்தியை நான் வாசிக்க மாட்டேன். வேறு யாரையும் வாசிக்க விடவும் மாட்டேன்!

தோழர்களே, இன்று காலையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. குன்றக்குடியில் டீக்கடை வைத்திருக்கும் சின்னக்கருப்பு எழுதியிருக்கிறார். புதிதாக வாங்கிய அடுப்பில் குழாய் மாட்டும் இடத்தில் கேஸ் வாடை வருகிறதாம். நாங்கள் அதை ‘டீக்கடை’ என்று போடவில்லை. ‘கேஸ் கசிவு’ என்று போட்டோம். சிலிண்டரை மூடச் சொல்லி உடனே ஆள் அனுப்பினோம். அந்த ஆள் மூலமே அடுப்பு என்ன கம்பெனி என்றும் கேட்டோம். அடுப்பைப் புரட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்துச் சொல்லியனுப்பினார். அந்தப் பெயரையும் சேர்த்தே போட்டுவிட்டுத்தான் நேராக இங்கே வருகிறோம். எடுக்கச் சொல்ல நினைப்பவர்கள் நாளைக்கே வரலாம். காப்பி உண்டு. அமராவதிபுதூரில் அந்த முன்னறைக் கதவு திறந்திருக்கும்.